தண்டவாளத்து அய்யனார்

டிராலி வருகிற சத்தம் ரயில் வருகிற சத்தம் மாதிரி இருக்காது. ரயில் என்றால் தூரத்திலேயே தண்டவாளம் முனகத் தொடங்கிவிடும். பிறகு ஊதல், பிறகு புகை. மனிதன் தயாராவதற்கு அவகாசம் இருக்கும். டிராலிக்கு அந்த மரியாதை கிடையாது, அது பாதையைப் பார்வையிட வருகிற தள்ளுவண்டி. ஆட்கள் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடி அதைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வளைவு திரும்பினதும் பார்த்தால், குடைக்குக் கீழே துரை உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு வருஷம் முழுக்க, அந்தக் கரகரச் சத்தம் காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

நான் அப்போது மலாய் நாட்டு ரயில்வேயில் கேட்டுக்காரன். பிரிக்ஃபீல்ட்ஸ் தாண்டிக் கிள்ளானுக்குப் போகிற பாதையில், செம்மண் ரோடு ஒன்று தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் என் கேட்டு. ரயில் வரும்போது ரோட்டை அடைக்க வேண்டும், பச்சைக் கொடியோ சிவப்புக் கொடியோ காட்ட வேண்டும், இருட்டினால் கைவிளக்கு. கேட்டுக்குப் பக்கத்திலேயே ரயில்வே கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. பின்னால் மரவள்ளி போட்டிருந்தோம். எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். வெள்ளிக்கிழமை தவறாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய்வருவேன். நான் படித்தது கொஞ்சம். ஆனால் விளக்கேற்றாமல் ஒரு நாளும் சோறு தின்றதில்லை. அந்த வீடு, அந்த வேலை, என் மனைவி, ஒரு மகன். எனக்கு இருந்தது அவ்வளவுதான். வேலை போனால் வீடும் சேர்ந்து போகும் என்பது எனக்குத் தெரியும்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் பாலுக்கு மரத்தைச் சீவாமல் விட்டார்கள். சீவாத மரத்துக்கு ஆள் எதற்கு? ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ‘சும்மா ஏற்றிவிடுகிறோம், சாப்பாடும் உண்டு, போய்விடுங்கள்’ என்று ஆபீசில் சொன்னார்களாம். அவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற வண்டிகள் என் கேட்டு வழியாகத்தான் போகும். நான்தான் ரோட்டை அடைத்து, பச்சைக் கொடி காட்டி, அவர்களை அனுப்பிவைப்பேன்.

ஜன்னல் முழுக்க முகங்களாக இருக்கும். அழுகிறவர்களைக் கூடப் பார்த்துவிடலாம். அழாமல் உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான் பார்க்க முடியாது. ஒரு பெண் மடியில் அம்மிக் குழவியை வைத்துப் பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு போனாள். அம்மியை எடுத்துப்போக விடவில்லை போலிருக்கிறது, குழவியையாவது கொண்டுபோகிறாள் என்று என் மனைவி சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

என் மனைவி கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் அந்தத் தோட்டத்து மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவனும் இங்கேயே பிறந்தவன், கடலைத் துறைமுகத்தில் நின்று பார்த்ததோடு சரி. அந்த வருஷத் தொடக்கத்தில் அவனையும் ‘திருப்பி’ அனுப்பினார்கள். போகாத ஊருக்கு ஒரு மனிதனை எப்படித் திருப்பி அனுப்புவது என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவன் வண்டி எங்கள் கேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். என் மனைவி கூடவே ஓடினாள். தொட முடியவில்லை. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

நான் ஊரில் பிறந்தவன்தான், திருச்சி ஜில்லா. ஆனால் பசியைத் தவிர அங்கே எனக்கு ஞாபகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பங்காளிகள் இருந்தார்கள். அவர்கள் எனக்கென்று ஒரு தாழ்வாரம் கூட வைத்திருக்க மாட்டார்கள் என்பது தெரியும். எனக்கு அங்கே பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் குலதெய்வம் அய்யனார். கண்மாய்க் கரையில் இருக்கிறார்.

அவருக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருந்தது. எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக இந்த மகன் பிறந்தபோது, ‘அய்யனே, இவனைக் கொடு, இவன் முடி உன்னுடையது, உன் வாசலில் வந்துதான் இறக்குவேன்’ என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் குலத்தில் அதுதான் முறை. முதல் முடி குலதெய்வத்துக்கு. அதுவரை கத்தி படக்கூடாது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் ஊருக்குப் போய்வர எங்கே முடிந்தது? முடி வளர்ந்துகொண்டே போனது. ஐந்து வயதில் அவனுக்கு முதுகைத் தாண்டிச் சடை தொங்கியது. என் மனைவி எண்ணெய் வைத்துப் பின்னி, சிவப்பு நாடா கட்டிவிடுவாள். கேட்டைத் தாண்டுகிறவர்கள் பொம்பளைப் பிள்ளை என்று நினைத்து மிட்டாய் கொடுப்பார்கள். அவனும் மறுக்காமல் வாங்கிக்கொள்வான்.

அந்தப் பகுதிக்கு எஞ்சினியராக இருந்த துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் பையிலிருந்தே கொய்னா மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். வந்த புதிதில் தோட்டத்துப் பக்கம் இருந்ததால் தமிழ் பேசுவார். எல்லோரிடமும் நீ என்றுதான் பேசுவார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவருக்கு இரண்டு பிள்ளைகள். பல் விழுந்து முளைக்கிற வயதிலேயே இரண்டையும் கப்பலேற்றிச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டார். துரைசானி பங்களா வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்ததாகக் கேள்விப்பட்டோம். துரை அதில் தப்பு எதையும் காணவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளை வெள்ளைக்கார மண்ணில் வளர வேண்டும், இந்த வெயிலில் வளர்ந்தால் இரண்டுங்கெட்டானாகிவிடும் என்பது அவர் எண்ணம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் டிராலி தள்ளுகிறவர்களில் மூத்தவர். அவரை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். துரை குடைக்குக் கீழே உட்கார்ந்து பேசுவதெல்லாம் பின்னால் தள்ளுகிற அவர் காதில்தான் விழும். துரையின் ஊர்த் துறைமுகத்தில், கப்பல் வேலைக்கு வந்த கறுப்பு ஆட்களும் அரபுக்காரர்களும் திரும்பிப் போகாமல் வீடு பிடித்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்களாம். ஊர்க்காரர்கள் கல்லெடுத்து அடிக்கிற அளவுக்குப் போனதாம். அடித்தது தப்புதான், ஆனால் வேலைக்கு வந்தவன் வேலை முடிந்ததும் போயிருந்தால் அடி எதற்கு விழப்போகிறது என்று துரை சொன்னாராம்.

“ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தேசம்ங்கிறாரு தம்பி,” என்றார் அண்ணன். “மலாய்க்காரனுக்கு இது, சீனனுக்கு சீனா, நமக்கு இந்தியா, அவருக்குச் சீமை. வேலைக்கு வரணும், முடிஞ்சதும் போயிரணுமாம். இருபது வருசமா நான் இவரத் தள்ளிக்கிட்டு ஓடுறேன். இவரு வேலை எப்ப முடியும்னு எனக்கும் தெரியல, என் காலுக்கும் தெரியல.”

நாங்கள் சிரித்தோம். ஆனால் அடுத்ததாக அவர் சொன்னதில் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. ரயில்வேயிலும் ஆள் குறைக்கப் போகிறார்கள். எங்கள் பாதையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு கேட்டையும் இனி ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஒன்று நான். இன்னொன்று, கிள்ளான் பக்கமாகக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கேட்டுக்காரன், என்னை விடச் சின்னவன், பெண்டாட்டியும் இரண்டு பெண்குழந்தைகளும் உள்ளவன். இருவரில் யாரைக் கப்பலேற்றுவது என்று துரை முடிவு செய்ய வேண்டும்.

“யாருக்கு ஊருல ஒட்டு இருக்கோ அவன அனுப்புறதுதான் நியாயம்ங்கிறாரு,” என்றார் அண்ணன். “கேட்டா யோசிச்சுப் பேசு.”

நான் யோசித்து வைத்தேன். எனக்கு அங்கே யாரும் இல்லை, நிலம் இல்லை, வீடு இல்லை என்று சொல்ல வேண்டும். வாய்க்குள் பலமுறை சொல்லிப் பழகினேன். வீட்டில் இதைச் சொன்னால் அவள் பயப்படுவாள் என்று சொல்லாமல் விட்டேன்.

துரை வந்த அன்று நான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மாட்டு வண்டி ஒன்றை ஓரங்கட்டிக்கொண்டிருந்தேன். டிராலி வீட்டு வாசலில் நின்றது. மகன் வாசலில் உட்கார்ந்திருந்தான், மேலே சட்டை இல்லை, சடை முன்பக்கம் விழுந்திருந்தது. துரை அவனை நன்றாகப் பார்த்தார். என் மனைவியிடம், இது ஆணா பெண்ணா, ஆண் என்றால் ஏன் இப்படி என்று கேட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். சாமி முடி என்றாள். எங்கள் சாமி ஊரில் இருக்கிறார், அங்கே போய்த்தான் இறக்க வேண்டும், அதுவரை கத்தி படாது என்றாள். சாமி காரியத்தில் யார் பொய் சொல்வார்கள்? நான் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் ஓடிவந்து சேர்வதற்குள் துரையின் முகம் மலர்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“நல்லது,” என்றார். “நீ ஊரை மறக்கலை. இங்க நிறைய ஆளு மறந்து போச்சு. சாமி அங்க, முடி அங்க. நீ இங்க என்ன செய்யுது? நான் உன்னை அனுப்புது. முதல் கப்பல்ல.”

பழகி வைத்த பேச்சு ஒன்று கூட வெளியே வரவில்லை. அவர் தண்டிக்க நினைத்திருந்தால் காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம். அவரோ எனக்கு நன்மை செய்கிறார். நன்மை செய்கிறவரிடம் என்ன சொல்லித் தப்பிப்பது? அடுத்த முறை வரும்போது உத்தரவு கொண்டுவருவதாகச் சொல்லி, மகனின் சடையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார். டிராலி தள்ளிய அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

என் மனைவிக்கு விஷயம் புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எங்க அண்ணன அனுப்புன மாதிரியா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பயம் குடியிருந்தது. முடியை இங்கேயே இறக்கிவிட்டால், துரை சொல்கிற ஒட்டு அறுந்துவிடும், இருக்க விடுவார் என்று ஒரு பக்கம் மனம் சொல்லும். இறக்கினால் அய்யனார் சும்மா இருப்பாரா, முன்பு போன இரண்டு பிள்ளைகள் மாதிரி இவனையும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று மறுபக்கம் கேட்கும். மகன் ஒரு தடவை தும்மினால் போதும், நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். துறைமுகத்துக்குப் போகிற வண்டி வந்தால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் சாத்த முடியாது. நான் கொடி காட்ட வேண்டும்.

கடைசியில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. ‘முடியை இந்த அம்மன் வாசலில் இறக்கலாமா’ என்று கேட்டோம். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

தூணைப் பிடித்துக்கொண்டேன். கப்பலேறு என்று அய்யனாரே சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். துரை பக்கம் சாமியும் சேர்ந்துவிட்டது. என் மனைவி பூசாரியிடம் இன்னொரு தடவை கட்டுங்கள் என்றாள். ஒரே காரியத்துக்கு இரண்டு தடவை கேட்கக்கூடாது, அது தெய்வத்தைச் சோதிப்பது என்று அவர் கோபித்தார்.

“அதே காரியம் இல்லைங்க சாமி,” என்றாள் அவள். “அய்யனாரு முடிய வேற வாசல்ல இறக்கலாமான்னு கேட்டோம். கூடாதுன்னுட்டாரு, சரிதான். அவரே இங்க வருவாரான்னு நாம கேக்கலையே.”

பூசாரி முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். அந்தப் பெண்ணே மறுபடி எடுத்தாள். வெள்ளை வந்தது. என் மனைவி அப்போதுதான் அழுதாள். எனக்கோ அழுகை வரவில்லை. இரண்டாம் தடவை கேட்டது பாவமோ என்கிற பயம் வெள்ளைப் பூவைப் பார்த்த பிறகும் போகவில்லை.

புது இடத்தில் குலதெய்வத்தை வைப்பதென்றால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர வேண்டும். எங்களிடம் மண் இல்லை. கல்லை வைத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மண்ணைப் பிறகு கொண்டுவருகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பூசாரி வழி சொன்னார். தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில்வே கல் மலை மாதிரி கிடந்தது. அதைத் தொடக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். திருட்டுக் கல்லில் சாமி உட்கார மாட்டார். கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்து முழங்கால் உயரக் கல் ஒன்றைத் தோளில் வைத்துத் தூக்கிவந்தேன். எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் நட்டோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அய்யனே வா என்று கூப்பிட்டேன். நட்ட இடம் ரயில்வே நிலம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கல்லைத் திருடாதவன் நிலத்தைத் திருடிவிட்டான் என்று துரை சொன்னால் பதில் இல்லை. ஆனால் எங்களுக்கென்று வேறு நிலம் எங்கே இருந்தது?

முடி இறக்கத் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன்தான் கப்பலேறிப் போய்விட்டானே. டிராலி அண்ணன் ஓய்வு நாளன்று வந்தார். நாங்கள் ஒரு குலம், அவர் வேறு குலம். முறை ஆகுமா என்று நான் தயங்கினேன். “மடிதானே வேணும்? இந்தா இருக்கு, துரையையே தாங்குற மடி,” என்று சொல்லிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த நாவிதர் கத்தியை வைத்ததும் மகன் கதறினான். சடை முழுசாகக் கீழே விழுந்தபோது, ஏதோ உயிருள்ளது விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. சந்தனம் பூசின அவன் மொட்டைத் தலையைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலம் அவன் உடம்பு சுட்டது. வெயிலோ, அழுத அழுகையோ, வேறு எதுவோ. என் மனைவி கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அந்த ஈரத்தை எடுத்து அவன் நெற்றியில் தடவினாள். மறுநாளைக்கு மறுநாள்தான் சூடு இறங்கியது. அதுவரை நான் மென்று விழுங்கியது என்ன என்று எனக்கே தெரியாது.

அந்த வாரத்திலேயே டிராலி வந்தது.

துரை முதலில் கல்லைத்தான் பார்த்தார். இறங்கினார். மொட்டைத் தலையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை அண்ணனிடம் கொடுத்துத் தண்டவாளத்திலிருந்து கல்வரை அளந்தார். வண்டியின் படிக்கட்டு இடிக்கும், இது இங்கே இருக்கக்கூடாது, பின்னால் தள்ளு என்றார். டிராலிக்காரர்களிடம்தான் முதலில் சொன்னார். ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தார்கள். துரை கோபத்தோடு அண்ணனைப் பார்த்தார்.

“வண்டி தள்ளுவோம் துரை,” என்றார் அண்ணன். “சாமியத் தள்ள மாட்டோம்.”

உட்கார்ந்த தெய்வத்தைக் கிளப்புவது பெரிய தோஷம். துரை அடுத்து என் பக்கம் விரலை நீட்டினார். என் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைச் சுற்றி ஊற்றி, ‘கோவிச்சுக்காதய்யா, கொஞ்சம் நகந்து உக்காரு’ என்று பெரியவர்களிடம் சொல்வது போலச் சொன்னாள். நான் கல்லைக் கட்டிப்பிடித்து அசைத்து எடுத்து, மரத்துக்குப் பின்புறம் கொண்டுபோய் நட்டேன். துரை சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்தபடி நின்றார். மறுபடியும் அளந்தார். சரி என்றார்.

“அப்ப நீ ஊருக்குப் போகலை?”

“இல்லைங்க துரை. சாமி இங்க வந்துட்டாரு.”

“என் சாமிக்கும் இங்க கோயில் இருக்கு,” என்றார் துரை. “ஞாயித்துக்கிழமை நான் போகுது. ஆனா இது எனக்கு ஊர் இல்லை. நானும் ஒருநாள் போகும்.”

அவர் சொன்னது பொய் இல்லை. ஒரு நிமிஷம், ஒழுங்காகத்தானே பேசுகிறார், நாம்தான் பிடிவாதம் பிடிக்கிறோமோ என்று கூடத் தோன்றியது. அப்போது என் மனைவி மரத்துக்குப் பின்னாலிருந்து பேசினாள். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“துரைக்குப் போறதுக்கு ஒரு வீடு இருக்குங்க. பிள்ளைங்க இருக்கு அங்க. நான் பொறந்ததே கிள்ளான்லங்க. எங்க அண்ணனும் இங்கதான் பொறந்தான். அவன அனுப்பிட்டீங்க. இருக்கானா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது.”

துரை அவளையே பார்த்தார். அவள் சொன்னதில் எது அவருக்குப் போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் என்கிற வார்த்தை சேர்ந்திருக்கும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அவர் டிராலியில் ஏறி உட்கார்ந்தார். தள்ளு என்றார். உத்தரவு தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரவில்லை என்றும் சொல்லவில்லை.

அந்தக் காத்திருப்பு எப்படிக் கழிந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சாமான்களைக் கட்டவும் மனமில்லை, பிரித்து வைக்கவும் தைரியமில்லை. மரவள்ளிக்குத் தண்ணீர் விடும்போது, இதைத் தோண்டித் தின்னப்போகிறவன் யாரோ என்று நினைத்துக்கொண்டே விடுவேன். கடைசியில் அண்ணன்தான் சேதி கொண்டுவந்தார். நான் இருக்கலாம். இரண்டு கேட்டையும் நானே பார்க்க வேண்டும். போகிறவன் பக்கத்துக் கேட்டுக்காரன்.

துரைக்கு மனம் இரங்கியதா என்று கேட்டேன். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

“இரங்குச்சோ என்னவோ. உன்ன அனுப்பிட்டா கல்லப் புடுங்கணும். புடுங்குனா ஒரு பய டிராலியத் தொட மாட்டான்னு அன்னிக்கே பாத்துட்டாருல்ல. அந்தப் பக்கத்துக் கேட்டுப் பயகிட்ட ஊருல யாரு இருக்கான்னு கேட்டாரு. ஆத்தா இருக்குன்னு சொல்லிட்டான். பாவி, வேற ஒண்ணும் சொல்லத் தெரியல.”

நான் கோயிலுக்கு ஓடியிருக்க வேண்டும், தேங்காய் உடைத்திருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆத்தா இருக்கிறாள் என்று உண்மையைச் சொன்னதற்கு அவன் போகிறான். சாமி இருக்கிறார் என்று உண்மையைச் சொன்னதற்கு நாங்கள் போக இருந்தோம். நடுவில் ஒரு கல்தான் வித்தியாசம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவன் பெண்டாட்டி இரண்டு பெண்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இங்கேயே செந்தூல் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள், மாமியாரை முகம் பார்த்து அறியாதவள். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நான் பயந்தேன். போட்டிருந்தால் எங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் மரத்தடிக்குப் போய்ச் சூடம் கொளுத்தினாள். குழந்தைகளைக் கும்பிடச் சொன்னாள். கல்லிலிருந்து மஞ்சளைத் தொட்டு அவர்கள் நெற்றியில் வைத்தாள். அவளுடைய குலதெய்வம் வேறு, அது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சூடம் அணைகிற வரைக்கும் நின்றாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“நாங்களும் ஒரு கல்லு நட்டிருக்கலாம் அக்கா. தோணல.”

மறுநாள் காலை அவர்கள் வண்டி வந்தது. என் கேட்டை அடைத்தேன். ஜன்னல் பக்கம் பார்க்கக்கூடாது என்று இருந்தவன், பார்த்துவிட்டேன். அந்தப் பெரிய பெண்குழந்தை எனக்குக் கை காட்டினாள். எனக்கு ஒரு கையில்தான் கொடி, மற்றக் கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் தூக்க முடியவில்லை.

அவன் கேட்டுக்கு நான் அன்று மதியமே போனேன். வீடு பூட்டியிருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். ரயில் வர நேரமாகிவிட்டிருந்தது. கோலத்தை மிதிக்காமல் சுற்றிப்போய்க் கேட்டை அடைத்தேன்.